ஏசிக்காக வெட்டிய ராஜகுடை

சேகர், ராஜாவின் குடையை வெட்டியது நீங்கள்தான்.

யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் உங்களுக்கு அது பழைய துணி. நான் பழைய படங்களைத் துடைத்து ஃபிரேம் போடுகிறவன். ராஜா படம் இருந்த அந்தக் கேன்வாஸை என்னிடம் கொண்டுவந்தவள் ஹர்பன்ஸ் கௌர். டீச்சராக இருந்தவள். எங்கள் தெருவில் வளர்ந்ததால் தமிழ் பேசுவாள்.

படம் முழுக்க ஊதுபத்திக் கரி. முதல் நாள் பஞ்சால் தலைப்பக்கம் துடைத்தேன். பின்னால் தங்க வட்டம் தெரிந்தது. யாரோ புனிதர் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"ஐசக்கு, எங்க சீக்கிய ராஜாவை சர்ச்சுல சேத்துட்டியா?" என்று சிரித்தாள்.

"வட்டம் இருக்கே?"

"ராஜான்னா சூரியன் மாதிரி, அதான். மேல துடை, இன்னும் இருக்கு."

துடைக்கத் துடைக்க வந்தன. தலைப்பாகையில் இறகு, கையில் வல்லூறு, பின்னால் சாமரம் வீசுகிறவன், எல்லாவற்றுக்கும் மேலே முத்துக் குஞ்சம் வைத்த சிவப்புக் குடை. ராஜாவுக்குக் கிரீடம் இல்லை. உட்கார்ந்திருந்தது நாற்காலியில்.

"குடை இல்லேன்னா இவரு யாரோ ஒரு தாத்தா" என்றாள்.

தினமும் டீ கொண்டுவந்து பெஞ்சில் உட்காருவாள். நான் வேண்டுமென்றே மெதுவாகத் துடைத்தேன்.

பிறகு மகளோடு இருக்க டெல்லி போய்விட்டாள். அவ்வளவு பெரிய படத்தைக் கொண்டுபோக முடியவில்லை. "அப்படியே முழுசா மாட்டுறேன் அக்கா" என்று என் எதிரில்தான் சொன்னீர்கள். நம்பிச் சும்மா கொடுத்தாள்.

போன மாதம் உங்கள் கடைக்கு வந்தேன். குடை இல்லை. சாமரக்காரன் இல்லை. அந்த இடத்தில் ஏசி.

"சுவரு பத்தல, ஊ ஐசக். ராஜா இருக்காருல்ல?" என்றீர்கள், பர்மிய மரியாதைக்கு ஒரு 'ஊ' போட்டு.

பக்கத்து மேசைக்காரர், "முதலாளி, உங்க தாத்தாவா?" என்று கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

ஹர்பன்ஸ் ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறாள். "கடைக்குப் போய் ராஜாவைக் காட்டு. குடைக்குக் கீழ நீயும் நில்லு, பாக்கணும்." அங்கே கரண்ட் இல்லை என்கிறேன். யாங்கோனில் அந்தப் பொய் செல்லும். எத்தனை நாளைக்கு? அவள் உட்கார்ந்த பெஞ்சில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, படத்தைக் கொடுக்கும் முன் சுவரைப் போய்ப் பாருங்கள்.

சேகர், தனியாக வந்து என்னிடம் சமாதானம் பேச வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டத்தில், அந்த மேசைக்காரருக்கும் கேட்கும்படி நின்று சொல்லுங்கள்: அவர் உங்கள் தாத்தாவா? குடை எங்கே?