குப்பையில் போடக்கூடாத படங்கள்

மின்னஞ்சல் பெட்டிக்கு எங்கள் வீட்டில் நான்தான் அதிகாரி. வயது பதினொன்று. எங்கள் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ரராவாய் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, போனவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஒரு பழைய கணினியை வாங்கிப் போட்டிருந்தார். மௌஸைப் பிடித்தால் அம்பு அவர் நினைத்த இடத்துக்குப் போகாது. அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். ஆகவே எதை வைப்பது, எதை அழிப்பது எல்லாம் என் இஷ்டம். என் பெட்டி எப்போதும் பளிச்சென்று இருக்கும்.

பெட்டி சின்னது. ஏழெட்டுப் படம் வந்தாலே நிறைந்துவிடும். நிறைந்தால் அடுத்து வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இதையெல்லாம் அம்மாவுக்குப் பெருமையாக விளக்கிச் சொன்னதும் நான்தான்.

அந்த மாதம் ஆக்லாந்திலிருந்து அப்பாவுக்கு வேலைக் கடிதம் வர வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் "வந்துச்சா?" என்பார். "வரலப்பா" என்பேன்.

அதே சமயம் பார்த்துச் சிட்னி சித்தி, அங்குள்ள கோவில் மாரியம்மனை விதவிதமான அலங்காரத்தில் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினாள். பெட்டி நிறைந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு அழிக்கப் போனேன்.

"ஐயோ, ஆத்தாவ குப்பையில போடுவியா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கும் பயம்தான். அம்மன் முறைத்துப் பார்க்கும்போது அழிக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? மற்ற கடிதங்களை அழித்து இடம் பண்ணினேன். மறுநாளே இன்னும் நாலு அம்மன்.

"அப்பாகிட்ட சொல்லட்டுமாம்மா?"

"அச்சா, நான் சொல்லிக்கிறேன். நீ போய்ப் படி."

சனிக்கிழமை அம்மா சித்தியோடு போனில் பேசியது காதில் விழுந்தது. "இன்னும் ரெண்டு படம் அனுப்புடி. பாத்தா மனசுக்கு நல்லாருக்கு." ஆனால் ஒரு படத்தைக்கூட அவள் வந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பா ஆக்லாந்திலிருந்து கூப்பிட்டார். கம்பெனி அனுப்பிய கடிதம் மூன்று முறை திரும்பிவிட்டதாம். வேறு ஆளை எடுத்துக்கொண்டார்களாம்.

அப்பா திட்டவில்லை. "பொட்டி நெறஞ்சத ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "ஆத்தா படம்ப்பா..." என்று இழுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அம்மா கத்திரி நாற்று வாங்கிவந்து கொல்லையில் நட்டாள். எப்படியும் போகப்போகிறோம் என்று அப்பா சொல்லி, ஆறு மாதமாக வெறுமனே கிடந்த பாத்தி அது. மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், இவளுக்கு இப்போது கத்திரிக்காய்தான் கேடா என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.