வரைபடத்தில் பொட்டு வைத்த இடம்

பாலக்காட்டு அங்காடிக்குப் பின்தெருவில் எங்களுக்கு ஒரு பழைய மாடி ஊடு இருந்தது. கீழே நானும் சம்சாரமும் பிள்ளைகளும், மேலே சித்தி. எனக்குத் தம்பி முறையான சித்தியின் மகனுக்குப் பம்பாயில் உத்தியோகம். எழுபதுகளின் நடுவில் லீவில் வந்தவன், இவ்வளவு பெரிய ஊட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம், இடித்து நாலு பிளாட் ஆக்கலாம், ஆளுக்கு ஒன்று போக மிச்சத்தை வெளியாருக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தான். தீப்பெட்டி மாதிரி ஓர் அறையில் குடியிருப்பவன் எனக்கு ஊடு கட்டச் சொல்லிக்கொடுத்தான். சமையலுக்கும் கக்கூசுக்கும் நடுவே ஒரே கதவு, அதுதான் நாகரிகமாம். நான் சிரித்திருக்க வேண்டும். தலையாட்டினேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்கள் கன்னி மூலைச் சுவரில் ஒரு மாடம் உண்டு. பொழுது சாய்ந்தால் அதில் முருகனுக்கு விளக்கு எரியும். தீட்டு நாளில்கூடப் பக்கத்து ஊட்டாரைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்வோமே தவிர, அணைய விட்டதில்லை. அந்த மூலையை மட்டும் தொடக்கூடாது என்றேன்.

"அந்த மூலைக்குத்தானுங்ணா பிளான்ல முக்கிய இடம்" என்றான்.

நீலத் தாளில் வரைபடம் வந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது ஐந்தாவது. கன்னி மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் முட்டை மாதிரி ஒரு வளையம். மாடத்தையும் அகலையும் அப்படியே போட்டிருக்கிறான் என்று எனக்கு ஒரே பூரிப்பு. எங்கள் ஊட்டில் மஞ்சள் குங்குமம் வைக்காத காகிதத்தில் ஒப்புப் போடுகிற பழக்கமில்லை. சம்சாரம் அந்த வளையத்துக்குள்ளேயே பொட்டு வைத்தாள். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒப்புப் போட்டேன். தம்பி பக்கத்திலேயே நின்றான். மை காயும் முன்னே தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

எல்லாம் இடித்துக் கட்டி, அந்த மூலை மட்டும் கடைசியாக நின்றது. ஒரு நாள் கொத்தனார் வைக்கோல் சுற்றிய வெள்ளைக் கக்கூசுப் பீங்கானைக் கொண்டுவந்து மாடத்தின் காலடியில் இறக்கினார்.

"பொட்டு வெச்ச எடத்துலதானுங்களே வெக்கணும்?"

கட்டட வேலைக்கென்று லீவில் வந்திருந்த தம்பியிடம் ஓடினேன். அவனோ, சாமி எங்கே வேண்டுமானாலும் இருப்பார், சாக்கடை இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்றான். சாமியை நகர்த்தலாம், குழாயை நகர்த்த முடியாது. பம்பாயில் அவன் படித்த படிப்பு அவ்வளவுதான்.

என் பங்கில் அந்தப் பீங்கானை வைக்க விடவில்லை. பின்கட்டிலிருந்த பழைய கக்கூசே போதுமென்று விட்டேன். மாடம் நின்றது. ஆனால் மேலே அவன் பங்கு. விளக்குக்கு நேர் மேலே, வீம்புக்கென்றே ஒரு கக்கூசை வைத்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினான். அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மேலே கூரையைப் பார்த்தேன். கும்பிடக் கை எழவில்லை.

மறுநாள் விடியற்காலை சித்தி செம்போடு படியிறங்கிப் பின்கட்டுக்கு வந்தாள்.

"அவன் கட்டினாக் கட்டிட்டுப் போறான். சாமி தலமேல நான் உக்காருவனா, கண்ணு?"

அன்றைக்கே மேலே அந்தக் கக்கூசுக்குள் தரையிலிருந்து கூரை வரை விறகை அடுக்கிவிட்டாள்.

அடுத்த லீவில் தம்பி வந்தான். காலையில் பின்கட்டுக் கக்கூசு வாசலில் நான் காத்து நின்றபோது, தோளில் துண்டும் கையில் வாளியுமாக எனக்குப் பின்னால் வந்து நின்றான்.

"மேல வெறகு அடுக்கிருக்குதுங்ணா" என்றான், என்னைப் பார்க்காமல்.

முருகா என்று சொல்லிவிட்டு, நான் முதலில் போனேன்.