திங்கட்கிழமை வராதவர்

போன வாரம் ஒரு சஸ்பென்ஸ் நாவலில் மூழ்கிக் கிடந்தேன். காட்டுக்குள் டிரெக்கிங் போன இரண்டு நண்பர்களில் ஒருவன் காணாமல் போகிறான். மற்றவன் நாள் கணக்கில் தேடுகிறான். மழை, அட்டை, யானை... எதற்கும் அசரவில்லை. ஒடிந்த குச்சியை வைத்தே வழி கண்டுபிடிக்கிறான், மகராசன்!

புத்தகத்தைக் கொடுத்தவர் முத்துப்பாண்டி. வேலம்பாளையத்தில் நான் நடத்தும் சின்ன பனியன் யூனிட்டில் டெய்லர். தூத்துக்குடி பக்கம் ஊர். மனைவியும் பிள்ளைகளும் அங்கே. இவர் இங்கே தனி ரூமில். எனக்கு அவர் சிநேகிதரும்கூட. டீ பிரேக்கில் இருவரும் கதை பேச ஆரம்பித்தால் மிஷின் காத்துக்கொண்டு நிற்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் புத்தகத்தை நீட்டி, "கடைசிப் பக்கத்தைப் பாத்திராதிய அண்ணாச்சி. திங்கக்கிழமை வந்து கேப்பேன்" என்றார். கூடவே என் பைக்கைப் பற்றி வழக்கமான கிண்டல் - "இந்த ஓட்டை சைலன்சரை மாத்துனாதான் என்ன? நீங்க வாறது ஊருக்கே தெரியுது."

திங்கட்கிழமை அவர் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? சனிக்கிழமை சம்பளம். திங்கட்கிழமை ஆளும் இல்லை, போனும் இல்லை என்றால் கம்பெனி மாறிவிட்டார். சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் இங்கே ஏது? பழைய ஓனர் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுவார் என்று போனை அணைத்து வைப்பார்கள். அப்புறம் ஒருநாள் பேக்கரியில் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

சூப்பர்வைசர் பழனிச்சாமியும் அதையேதான் சொன்னார். "விடுங்க. அனுப்பர்பாளையத்துல புது யூனிட்டுக்கு ஆள் எடுக்கறாங்க, அங்க போயிருப்பாருங்க. ஷிப்மென்ட் நிக்குதுங்க... வேற டெய்லரை வரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க" என்றேன்.

எனக்குக் கோபம். என்னிடம்கூடவா ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? வீம்புக்கு அவர் ரூம் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் மிஷினில் வேறு ஆள். சாயங்காலமானால் நான் நாவலைத் திறந்துவிடுவேன். அந்த நண்பன் கிடைப்பானா, மாட்டானா என்று நெஞ்சு பதைத்தது... எங்கே பதைக்க வேண்டிய நெஞ்சு!

வியாழக்கிழமை காலை முத்துப்பாண்டியின் மனைவி கூப்பிட்டார். "அண்ணாச்சி, அவியளுக்கு போனே போவ மாட்டேங்கு. ராத்திரி பகலா வேலையோ?" ஓவர்டைம் என்று நினைத்து அத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஓடிப் போய்ப் பார்த்தால் ரூம் பூட்டியிருந்தது. பக்கத்து ரூம் பீகார்க்காரர், "சனிக்கிழமை வேலைக்குப் போச்சு, வரலே அண்ணா" என்றார். அப்புறம்தான் தேடினோம். கம்பெனியிலிருந்து வரும் வழியில் குளத்தோரம் ஒரு வளைவு. கீழே சீமைக்கருவேலம் காடாக மண்டிக் கிடக்கும். முள்ளுக்குள் அவருடைய மொபெட்டின் ஹேண்டில்பாரைப் பழனிச்சாமிதான் பார்த்தார். அதற்கு அடியில் முத்துப்பாண்டி. போன் நொறுங்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. நடுவில் பெய்த மழைதான் காப்பாற்றியிருக்கிறது.

வலது காலை எடுத்துவிட்டார்கள். முதல் நாளே கொண்டு வந்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். அவர் மிஷின் மிதிக்கிற கால் அது. பாவி நான், வேறு என்ன சொல்ல?

நேற்று ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவரேதான் பேசினார்.

"கத்திப் பாத்தேன் அண்ணாச்சி, சத்தம் வரல. திங்கக்கிழமை காலையில உங்க வண்டி மேல ரோட்டுல போச்சு. சாயங்காலம் திரும்புச்சு. செவ்வா, புதன்... தெனமும் அந்தச் சைலன்சர் சத்தம் கேட்டுச்சு. இந்தா நிப்பாட்டுவாரு, இந்தா நிப்பாட்டுவாருன்னு கெடந்தேன்."

நாவலில் இன்னும் முப்பது பக்கம் பாக்கி. திறக்க மனமில்லை.

அது கிடக்கட்டும்... இந்தத் திங்கட்கிழமை உங்கள் கம்பெனிக்கு யார் வரவில்லை?