நீல மெழுகு

அந்தத் தகர டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தால் முதலில் வருவது அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை; சற்றுத் தாமதித்து, தார் பூசிய படகின் வாசனை. உள்ளே கட்டைவிரல் பருமனில் நான்கு மெழுகு உருளைகள் இருக்கின்றன: பச்சை, நீலம், ஊதா, சிவப்பு. நீலம்தான் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. ஜனவரியிலும் மின்விசிறி ஓடும் துபாயில், சத்வாவின் ஒற்றை அறையில் வளர்ந்த எனக்குப் பனியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த நான்கு நிறங்களின் வழியாகத் தெரிந்ததுதான்.

அப்பா ஒரு நார்வேக்காரப் பொறியாளரின் வீட்டில் சமையல்காரராக இருந்தார். எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில், அந்தப் பொறியாளரின் அண்ணன் தங்கள் நாட்டு மலையில் நடத்திவந்த விடுதிக்குச் சமையலாள் கிடைக்காமல் போகவே, அப்பாவை மூன்று மாதத்துக்கு அங்கே அனுப்பிவைத்தார்கள். வண்டிப் பாதை பனியில் மூடிவிடுகிற இடம் அது. கடை, தபால், தொலைபேசி எல்லாம் எட்டு கிலோமீட்டர் கீழே ஒரு கிராமத்தில் இருந்தன. ஈஸ்ட் வாங்க வேண்டுமானாலும் கடிதம் போட வேண்டுமானாலும் காலில் நீளமான சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு போய்வர வேண்டும்.

"தரையில நடக்கவே மூச்சு வாங்குற ஆளு, கட்டையக் கட்டிக்கிட்டு மலை ஏறப் போறாராம்," என்று பக்கத்து அறை மேரி அக்காவிடம் சொல்லி அம்மா சிரித்தாள். சத்வாவின் தையல்கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஓரம் அடித்துக் கொடுப்பவள் அம்மா. பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே சிரிக்கத் தெரிந்தவள்.

புறப்படும் அன்று அப்பா எனக்கு ஒரு டைரி தந்து, தினமும் வெயில் எத்தனை டிகிரி என்று எழுதிவைக்கச் சொன்னார். தானும் அங்கே குளிரை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். என் டைரிப் பழக்கம் அப்படித் தொடங்கியதுதான். கடிதம் வந்துசேர எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். எழுதிய தேதி, கிடைத்த தேதி இரண்டையும் நான் குறித்துவைப்பேன். நாங்கள் படிக்கும் பனி அங்கே எப்போதோ உருகியோ உறைந்தோ வேறாகியிருக்கும் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

"இது மலையிலிருந்து சறுக்கி விழுகிற விளையாட்டு இல்லை பாப்பா, இதுவும் நடைதான்," என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். கட்டையில் பூட்ஸின் நுனி மட்டும்தான் மாட்டியிருக்குமாம், குதிகால் எழும்புமாம். ஏற்கெனவே போனவர்கள் போட்ட இரட்டைக் கோட்டுத் தடத்தில், தண்டவாளத்தில் ரயில் போவதுபோல், ஒரு காலை உந்தி மறு காலில் வழுக்கிப் போக வேண்டுமாம். உந்தும்போது கட்டை பனியைப் பிடிக்க வேண்டும், வழுக்கும்போது விட வேண்டும். அதற்குத்தான் அடியில் மெழுகு. கடுங்குளிருக்குப் பச்சை, சாதாரணக் குளிருக்கு நீலம், உருகத் தொடங்கும் பனிக்கு ஊதா, ஈரப் பனிக்குச் சிவப்பு. நிறம் தப்பினால் ஒன்று கால் பின்னால் வழுக்கும், இல்லையென்றால் பனி கட்டையில் ஒட்டிக்கொண்டு நகரவிடாது.

ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் நாள், குளிர், பனியின் ஆழம், மெழுகின் நிறம் என்று வரிசையாக இருக்கும். பனியின் தன்மையைச் சமையல்காரராகத்தான் அவருக்குச் சொல்ல வந்தது. இரவில் புதிதாய் விழுந்தது "இடியாப்ப மாவு". இரண்டு நாள் குளிரில் கிடந்தது "வறுத்த ரவை". வெயிலில் இளகி மறுபடி உறைந்தது "கல்லுப்பு". மார்ச் மாத மத்தியானத்துப் பனி "குழைஞ்ச சோறு". அம்மா ரவை சலிக்கும்போது நான் அதில் கை வைத்து, இதற்கு நீலம் பூசலாம் என்பேன். "ஒங்கப்பனுக்குத்தான் கிறுக்குன்னா ஒனக்குமாடி?" என்று கையைத் தட்டிவிடுவாள்.

செவ்வாயும் வெள்ளியும் நான் பதில் எழுதுவேன். சத்வாவில் இத்தனை டிகிரி, அம்மா இன்று எந்தக் கடைக்கு எத்தனை பாவாடைக்கு ஓரம் அடித்தாள், தண்ணீருக்காக யாரோடு சண்டை போட்டாள் என்று ஒன்றையும் விடாமல் எழுதுவேன்.

பிப்ரவரி நடுவில் அம்மாவுக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்த மேரி அக்கா ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து தந்தார். எனக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பதில் பெருமை. என் டைரியில் சத்வா வெயில், மலைக் குளிர் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு அம்மாவின் காய்ச்சலை எழுதத் தொடங்கினேன்.

அதைக் கடிதத்திலும் எழுதப் போனபோது அம்மா தடுத்தாள். வளைகுடாவில் இருப்பவருக்கு ஊரிலிருந்து கெட்ட செய்தி எழுதுவதில்லை என்பது எங்கள் மக்களின் வழக்கம். அப்பாவைப் பெற்றவர் படுத்த படுக்கையாகக் கிடந்ததையே எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதினார்கள். இப்போது தொலைவில் இருந்தது அப்பா.

"அங்க தனியாக் கெடக்குற மனுசன். நெருப்புக்கிட்ட நிக்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. அம்மா நலம்னு எழுதுடி."

"புருசன்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறீங்கக்கா?" என்றார் மேரி அக்கா.

"அவரு வந்து என்ன பண்ணுவாரு? என் இருமல வாங்கி அவரு இருமுவாரா?" அம்மா சிரித்தாள், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

அம்மா நலம் என்று எழுதினேன். அடுத்த வெள்ளியும் அதையே எழுதினேன். அப்படி ஏழு கடிதங்கள், அழகான கையெழுத்தில். அதே நாட்களின் டைரிப் பக்கங்களில் 38.6, 39.1, 39.4 என்று இருக்கிறது.

வெறும் சளிதான் என்று ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துக்கொண்டே இருந்தவளை, இருபத்தைந்தாம் நாள் மூச்சு விட முடியாமல் போனபோது மேரி அக்காதான் டாக்சி பிடித்துக் கொண்டுபோனார். நிமோனியா என்றார்கள். அக்கா பொறியாளரின் வீட்டுக்கு ஓடிச் சொல்ல, அவர் நார்வேயின் அந்தக் கிராமத்துக் கடைக்குப் போன் செய்ய, மறுநாள் காலை கடைக்காரரின் மகன் விடுதிவரை கட்டையில் ஏறிப் போய் அப்பாவிடம் சொன்னான்.

அந்த இறக்கத்தைப் பற்றி அப்பா தன் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் பேசினார். அவசரத்தில் காலைக் குளிருக்கு ஏற்ற நீல மெழுகைப் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில் வெயில் வந்து பனி குழைந்துவிட்டது. அடிக்கு அடி அது கட்டையில் பாளம் பாளமாக ஒட்டியது. சிவப்பு மெழுகு டப்பாவில்தான் இருந்தது, டப்பா விடுதிச் சமையலறையில் இருந்தது. கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால்வரை புதைந்து புதைந்து நடந்தார். அவர் கடையை அடைந்து எங்கள் தெரு மளிகைக்குப் போன் போட்டபோது அம்மா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மாவை ஊருக்கு அனுப்பும் காகிதங்களில் கையெழுத்துப் போடத்தான் அப்பா வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள், எங்கள் தபாலெல்லாம் வந்துசேரும் மளிகைக் கடையில் காதர் பாய் தயங்கித் தயங்கி, "அண்ணே, மூணு லெட்டர் வந்திருக்கு. ஒங்க எழுத்துதான்," என்று நீட்டினார். அப்பா தன் கையெழுத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா எழுதியிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பனிதான் பாப்பா. வேற என்ன."

போன வருஷம் அப்பா போய்விட்டார். அவர் பெட்டியின் அடியில், விடுதியிலிருந்து பின்னால் அனுப்பிவைத்த இந்த டப்பாவும், மெழுகுகளுக்குக் கீழே அந்த மூன்று கடிதங்களும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. தேதி வரிசையில் பிரித்தேன். முதல் இரண்டிலும் பனிதான்: கல்லுப்பு, ஊதா, வறுத்த ரவை, நீலம். மூன்றாவதன் தலைப்பில் நாள் மட்டும் இருந்தது. குளிர் இல்லை, ஆழம் இல்லை, நிறம் இல்லை.

"பாப்பா, முன்பெல்லாம் அம்மா என்ன தைத்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்று எழுதுவாய். கடைசி நாலு கடிதத்திலும் அம்மா நலம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்கு என்ன? இங்கே தடமெல்லாம் மூடிவிட்டது. தடமில்லாமல் இறங்கத் தெரிந்த விருந்தாளி ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தடம் போட்டதும் நானே இறங்கிப் போன் போடுவேன். நீ பயப்படாமல் உள்ளதை எழுது."

அவர் கேட்டிருக்கிறார். கேட்டது எனக்குத் தெரிந்தால் நான் உள்ளதை எழுதாத குற்றவுணர்வு என்னை விடாது என்று, அதை ஆயுள் முழுக்க மெழுகுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். அம்மாவின் வழக்கத்தையே அவரும் கடைப்பிடித்திருக்கிறார்.

நான் இன்றும் துபாயில்தான் இருக்கிறேன். எங்கள் அறை இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள்; காதர் பாயின் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. மேரி அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. இப்போது இங்கே ஒரு வணிக வளாகத்துக்குள்ளேயே பனி இருக்கிறது; பிள்ளைகள் கூச்சலிட்டுச் சறுக்கி வருகிறார்கள். ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன். வறுத்த ரவை. நீலம் பூசலாம்.

இன்றைய டைரிப் பக்கத்தில் நாளுக்குக் கீழே வழக்கம்போல வெயிலை எழுதினேன். அதற்குக் கீழே, பத்து வயதில் எழுதியிருக்க வேண்டியதை எழுதினேன்:

அப்பா, அம்மாவுக்கு 39.4. மூச்சு விடக் கஷ்டப்படுகிறாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்கிறாள். உடனே வாங்க. சிவப்பு மெழுகை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.