நம் நாட்டுப் பறவை

போன வியாழக்கிழமை என் வகுப்பறையில் ஒரு மயில் தோகை விரித்து ஆடியது.

நிஜ மயில் இல்லை, கம்ப்யூட்டர் மயில். இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். போன பள்ளித் தவணையில்தான் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் போட்டுக் காட்டப் பாட சீடி வேண்டுமே… தேர்வு செய்யும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு, பேப்பரில் எழுதுகிற டீச்சருக்குத்தான்!

மாத்தளை டவுனில் நான்கு சீடி வாங்கினேன். வலயக் கல்விப் பணிமனை ஒரு மதிப்பீட்டுப் படிவமும் தந்திருந்தது. படம் தெளிவா? குரல் தெளிவா? பிள்ளைகளைக் கவருமா? கட்டத்தில் சரி போட வேண்டும்.

முதல் சீடி பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவதில் பாடத்தைவிட மேளச் சத்தம் அதிகம். மூன்றாவதில் பேசியவர் என்ன சொன்னார் என்று எனக்கே விளங்கவில்லை. நான்காவது சென்னையில் செய்தது. அந்தக் குரல் பேசிய தமிழ், என் பிள்ளைகள் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசுகிற அதே தமிழ்!

"டீச்சர், எங்க அத்தை மாதிரியே பேசுறாங்க!" என்று ஐந்தாம் வகுப்பே குதித்தது.

முதல் இரண்டு பாடம் பார்த்தேன். தண்ணீர், தாவரம் — பிரமாதம்! எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். மிச்சத்தைப் பார்த்தேனா? இல்லை. விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது என்று சாக்குச் சொல்லலாம்… சோம்பல் என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை வலயத்திலிருந்து அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழ் ஓரளவு தெரியும். கடைசி வாங்கில் உட்கார்ந்து, "பாடம் நடத்துங்க டீச்சர்" என்றார். பள்ளி அதிபர் என் பக்கத்தில் நின்றார். நான் நான்காம் பாடத்தை அமுக்கினேன். தலைப்பு, 'நம் நாடு'.

மயில் ஆடியது. "நம் நாட்டின் தேசியப் பறவை மயில்!" என்றது குரல்.

இலங்கையின் தேசியப் பறவை காட்டுக்கோழி. மயில் இந்தியாவுக்கு. சென்னையில் இருந்து பேசுகிறவருக்கு நம் நாடு என்றால் வேறு எது? சரி, பறவைக்கு அடுத்து என்ன வரும்? கொடி! மூவர்ணக் கொடி…

அரசாங்க அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு நாட்டை நம் நாடு என்று படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் வடக்கில் சண்டை நடக்கும் இந்த நாட்களில்! என் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு. நான் குடியிருக்கும் அலுவிகாரையில் பஸ் ஏறினால், ராணுவச் சோதனைச் சாவடியில் அதைத் தினமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வேலை போகுமா? விசாரணைக்குக் கூப்பிடுவார்களா?

"மூடுங்க டீச்சர் அத!" என்று அதிபர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். வியர்வையில் மவுஸ் வழுக்கியது. குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"கரண்ட் போயிருச்சு சேர்!"

தலைக்கு மேலே பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, "நல்ல மயில்… கதிர்காமத்து சாமியோட மயில் மாதிரி!" என்றார். என் படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டு, "வலயத்துல எல்லா தமிழ் ஸ்கூலுக்கும் இதக் குடுப்போம்" என்று எழுந்தார்.

தப்பித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? சனி, ஞாயிறு சோறு இறங்கவில்லை. இன்னொரு பள்ளிக்கூடத்தில், இன்னொரு டீச்சர், இதே பாடத்தை அமுக்குவாள். அவள் முன்னால் உட்காருகிறவர் கதிர்காமத்தை நினைப்பார் என்று என்ன நிச்சயம்? புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளைகள் மயில் என்று எழுதிவிட்டு வந்தால்?

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பணிமனைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி படிவத்தை எடுத்துத் தன் கையெழுத்தைக் குறுக்கே வெட்டினார்.

"அன்னைக்கு பல்ப் எரிஞ்சிச்சு டீச்சர். நானும் பார்த்தேன்" என்றார். "இதுக்கு ஏன் பயம்?"

நல்ல மனிதர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "சும்மாதான் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆசிரிய நண்பர்களே, சீடியைக் கடைசி வரை பாருங்கள். அத்தை மாதிரிப் பேசினாலும் பாருங்கள்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "சீடியில வந்தது இந்தியா. நம்ம நாடு இலங்கை. நம்ம பறவை காட்டுக்கோழி. எல்லாரும் திருத்திக்குங்க."

முன் வரிசையில் சுமதி கை தூக்கினாள். "நிச்சயமாவா டீச்சர்?"

"நிச்சயமா. ஏன் கேக்குற?"

"போன மாசம் பஸ்ல ஒருத்தர் எங்கப்பாவ, உங்க நாட்டுக்குப் போன்னு கத்துனாரு டீச்சர். அது எந்த நாடுன்னு வீட்டுல கேட்டேன், யாரும் சொல்லல. சீடியில மயில் வந்ததும்… ஓ, இதுதான் போலன்னு நெனச்சேன்."

இலங்கை என்று இன்னொரு முறை, பெரிய எழுத்தில் எழுதினேன். சுண்ணக்கட்டி உடைந்தது.

அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை.