குமிழில் வைத்த சந்தனம்

திருவிடந்தையில் லக்ஷ்மிநாராயணன் வீட்டில் எறும்புக்குக்கூட மருந்து போடமாட்டார்கள். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்துவிட்டு, நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் என்று எறும்போடு சமாதானமாக வாழ்கிற குடும்பம். தெருவெல்லாம் மீன் மணக்கிற ஊரில் முட்டையைக்கூட வாசலோடு நிறுத்தியவர் அவர். அப்பேர்ப்பட்ட மனிதர் மாப்பிள்ளையின் தலை தீபாவளிக்கு, வேட்டைத் துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கிக் கொடுத்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வாங்கினார். வாங்கியதோடு விட்டிருக்கலாம். அதற்குச் சந்தனமும் வைத்தார். வினை அங்கேதான் வந்தது.

மாப்பிள்ளை ரஞ்சித்குமார் செங்கல்பட்டுக்காரன். சுவீடனின் வடகோடியில், இரும்புச் சுரங்கம் ஒன்றில் இன்ஜினீயர். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற ஊர் அது. அங்கே சுரங்கத்து ஆட்கள் குளிர்காலத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு மூஸ் வேட்டைக்குப் போவார்கள். மூஸ் என்றால் குதிரையைவிட உயரமான மான். அதன் இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டு வருஷத்தை ஓட்டுவார்கள். இவனும் அவர்களோடு சேர்ந்து பழகிவிட்டான். மோதிரமா, வாட்சா என்று மாமனார் போனில் கேட்டபோது ரொம்ப நேரம் தயங்கிவிட்டுத்தான் சொன்னான்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. நல்ல ஸ்கோப் ஒண்ணு இருந்தா போதும். இப்ப இருக்கறது குளிர்ல புகை புடிச்சிடுது. போன வருஷம் ஒரு மூஸு வயித்துல அடிபட்டு ஓடிப்போச்சு. அத்த நெனச்சா இன்னும் மனசு கேக்கல.”

லக்ஷ்மிநாராயணனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேட்டைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மாப்பிள்ளை கேட்டுக்கொள்வான், அவன் கூட்டாளிகள் கேட்பார்களா? சரி, சாகிற உயிர் சட்டென்று சாகட்டும், தவித்துக்கொண்டு ஓட வேண்டாம் என்று ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டார். பாவத்துக்குள்ளே சின்னப் பாவம் எது என்று தேடுகிற நிலைமை எந்த மாமனாருக்கும் வரக்கூடாது.

ஒரு காரியத்தில் இறங்கிய பிறகு அரைகுறையாகச் செய்கிற ஆள் அல்ல அவர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அளவுக் கருவிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர். போட்டிக்குச் சுடுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற சென்னைக் கடைக்குப் போய் விற்பனைப் பையனை ஒரு வழி பண்ணிவிட்டார். குழாய்க்குள் ஈரக்காற்று இல்லாமல் நைட்ரஜன் அடைத்திருக்கிறதா, உள்ளே தடவிய கிரீஸ் கடுங்குளிரில் கட்டியாகாதா, தூரத்துக்குத் தக்கபடி குறியை ஏற்றி இறக்குகிற குமிழ், தடித்த கையுறையோடு திருப்புகிற அளவுக்குப் பெரிதா, பேட்டரி செத்தாலும் குறிக்கோடு தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் இரண்டை எடுத்துக்கொண்டு, பிடிக்காததைத் திருப்பித் தருவேன் என்று பேசிவிட்டு வந்தார்.

கடப்பாக்கத்தில் அவருக்குத் தெரிந்த மீன் வியாபாரி சம்பத்துக்கு மீன் வைக்கிற குளிர் அறை உண்டு. இரண்டு ஸ்கோப்பையும் அதற்குள் வைக்க வேண்டும் என்று இவர் போய் நின்றதும் சம்பத்துக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

“மாப்ளைக்கு ஒரு வாட்ச்ச வாங்கிக் குடுத்துட்டுப் போவாம இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?” என்றான். ஆனாலும் வஞ்சிரத்தை நகர்த்தி இடம் கொடுத்தான்.

மாப்பிள்ளை ஊர்க் குளிருக்கு இந்த அறை உறைபோடக் காணாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இங்கேயே தோற்கிறது அங்கே நிச்சயம் தோற்கும். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒன்றின் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இன்னொன்று பளிச்சென்று இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, பைக் கையுறையோடு குமிழைத் திருப்பிப் பார்த்தார். டிக் டிக்கென்று அழகாகத் திரும்பியது. அந்த நிமிஷம் அவருக்கு உண்டான பெருமையை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருக்கிற அரிவாள்மணை, ஸ்கூட்டர், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. புதிதாக வந்த பொருளை மட்டும் எப்படி விடுவது? வேலை பார்த்த இடத்திலும் வருஷா வருஷம் மீட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் பழக்கம். ஏசி அறையை விட்டு நகராத அந்த மீட்டர்களுக்கு அதனால் ஒன்றும் ஆனதில்லை. கொல்லக் குறிபார்க்கிற கண்ணாடிப் பக்கம் பொட்டு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குமிழின் உச்சியில் இருக்கிற மூடியைத் திருகி எடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் கை திருப்புகிற குமிழுக்குள்ளே குழைத்த சந்தனத்தை வைத்தார். அடிபடுகிற உயிரைத் தவிக்க விடாதே பெருமாளே என்று வேண்டிக்கொண்டு மூடியை மூடினார். சந்தனம் குமிழின் அடி இடுக்கில் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் துடைத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தீபாவளிக்கு மகள் காயத்ரியும் மாப்பிள்ளையும் வந்தார்கள், பரிசை வாங்கிக்கொண்டு போனார்கள். மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் வீடியோ கால் வந்தது. காயத்ரி போனைக் கணவன் கையில் கொடுத்தாள்.

முந்தின நாள், உறைந்த ஏரிக்கு அக்கரையில் மூஸ் நின்றிருக்கிறது. தூரத்துக்குத் தக்கபடி ரஞ்சித் குமிழைத் திருப்பியிருக்கிறான். அது பாதியிலேயே சிக்கி நின்றது கையுறைக்குள் தெரியவில்லை. குண்டு கீழே இறங்கி வயிற்றில் பட்டுவிட்டது. நாயை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை, பனி கொட்டி ரத்தத் தடத்தை மூடிவிட்டது. எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

“மூடியத் தொறந்து பாத்தா உள்ள மஞ்சளா இன்னாவோ எறுகிப் போயிருக்குது மாமா. கம்பெனி கிரீஸ் சரியில்ல. எழுதிப் போடப்போறேன்.”

லக்ஷ்மிநாராயணன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

“அது கிரீஸ் இல்ல மாப்ள. சந்தனம். நான்தான் வெச்சேன்.”

ரஞ்சித் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நானும் திறந்து பார்த்திருக்க வேண்டும், நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்று மெதுவாகச் சொன்னான். அவர் எதுவும் காதில் வாங்காமல், இந்தக் குளிரில் அது இதற்குள் செத்திருக்கும் இல்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “குளிரு அத்த ஒண்ணும் பண்ணாது மாமா. அங்கியே பொறந்து வளந்தது. காயம்தான்... ரெண்டு மூணு நாளுகூட ஆவும்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அப்ப வூட்ல ஒக்காந்துகினு இன்னா பண்றீங்க? கெளம்புங்க மாப்ள. பழைய ஸ்கோப்பையே மாட்டிகினு போங்க. எங்க கீதுன்னு தேடிப் புடிச்சு, கிட்டக்கப் போயி சுட்டுடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், சுட்டுடுங்க.”

போனைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து மருமகனைக் கும்பிட்டார்.