மேட் ஆன கதை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைக் கடிகாரம் என்றால்தான் தெரியும். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட ஏழு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்தவள் இல்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஒரு முனை இவள் கையில் என்றால் மறுமுனை ஒல்லியின் கையில். ஒல்லி நாலு வயது இளையவள். சேர்ந்த நாளிலிருந்தே இவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டு வந்தாள்.

புது மேற்பார்வையாளர் வந்த வாரம்தான் வினை ஆரம்பித்தது. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லி தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம் உள்ளே நுழைந்து, விரிப்பு அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம், மேட்!" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மேட் என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. அப்பா ரோடு போடும் வேலைக்குப் போனவர். அங்கே இருபது ஆளுக்கு ஒரு மேட் உண்டு. அவர் மண்வெட்டியைத் தொடமாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, யார் எங்கே வெட்ட வேண்டும் என்று கையைக் காட்டுவார்.

பஸ் ஷெட்டில் மெக்கானிக்கான கணவனிடம் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆர்டர் கீர்டர் எதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டான்.

"வாயாலதான் சொன்னாரு."

"அப்புறம் என்ன? மேட்னா மேஸ்திரிதான். இனிமே நீ கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

மறுநாள் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, உடம்பு முடியலையா? அந்த முனையப் பிடிங்க," என்றாள் ஒல்லி.

"நீ வேற யாரையாவது கூப்பிட்டு மடி. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"எதைப் பார்க்கப் போறீங்க?"

"எல்லாத்தையும்தான்."

மூன்று நாள் அப்படியே பார்த்தாள். ஓரம் கோணலாக இருக்கிறது என்று இரண்டு அடுக்கைப் பிரிக்கச் சொன்னாள். ஒல்லி பிரித்து மறுபடி மடித்தாள். உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மேற்பார்வையாளர் வாசலில் நின்று வண்டிக்காரரிடம் எரிந்து விழுந்தார்: "வழியில நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது, மேட்?" அடுத்து, குழாய் ரிப்பேர் செய்தவரின் தோளைத் தட்டி ஒரு மேட். நின்றுபோன இயந்திரத்தின் கதவில் ஓங்கி ஒன்று வைத்து, அதற்கும் ஒரு மேட். கடைசியில் ஒல்லி நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ், மேட்" என்றார்.

கடிகாரத்துக்குத் தலை சுற்றியது. இத்தனை மேஸ்திரிகள் என்றால் வேலை செய்வது யார்? நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டாள்.

"மேட்னா நண்பன்னு அர்த்தம்மா," என்றார் அவர். "அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களையுமா?"

"அவங்களைத்தான் அதிகமா."

"வண்டிக்காரரைத் திட்டுனப்பவும் மேட்னீங்களே சார்?"

"அது கோவத்துல சொல்ற மேட். ஒரே வார்த்தைதான், குரல்ல வித்தியாசம் தெரியும்."

"என்கிட்ட சொன்னது?"

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரு மறந்துபோச்சு."

அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. பெயர் தெரியாததால் நண்பன். நண்பன் என்றதால் மேஸ்திரி. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இடிக்கிறதே!

ஒல்லியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். ஒல்லி சிரிக்கவில்லை.

"இதுக்குத்தான் மூணு நாளா என்னை மேய்ச்சீங்களா?"

"தப்புதான்டி. புரியாமப் பண்ணிட்டேன்."

இரண்டு நாள் ஒல்லியின் வாயிலிருந்து அக்கா வரவில்லை. "இந்தாங்க", "பிடிங்க", அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை, விரிப்பை உதறியபடி, "மேட், முனையப் பிடிங்க" என்றாள்.

கடிகாரம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கோபத்தில் சொல்கிற மேட்டா, நண்பனா, வெறும் கேலியா? குரலில் தெரியும் என்றாரே, ஒன்றும் தெரியவில்லை.

"இது எந்த மேட்டுடி?"

"எனக்கென்ன தெரியும்? பிடிங்கக்கா, விரிப்பு ஆறிப்போகுது."

பிடித்தாள். அன்று இருநூறு விரிப்பு மடித்தார்கள்.

வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. மனைவி மேட் ஆகிவிட்டாள் என்று கணவன் ஷெட் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். அவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்று அவளுக்கே பிடிபடவில்லை.